ஏழு ஆட்டம் ஆடினால் அது தொழிலா?

'வறுமையை வென்ற வீராங்கனை' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் போதும், கீழே என்ன எழுதியிருக்கும் என்று இப்போதெல்லாம் படிக்காமலே சொல்லிவிடுவேன். முதல் பத்தியில் ஓட்டு வீடு. இரண்டாவதில் வெறுங்காலோடு ஓடும் சிறுமி. மூன்றாவதில் சொந்தக் காசைப் போட்டு ஷூ வாங்கித் தந்த பயிற்சியாளர். நான்காவதில் பதக்கம், அமைச்சரோடு புகைப்படம், அரசு வேலை. கடைசியில் 'சாதிக்க வறுமை ஒரு தடையல்ல'. படித்து முடிக்கும்போது லேசாகக் கண் கலங்கும், பகிர்ந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவோம். நானும் இப்படி நிறைய பகிர்ந்திருக்கிறேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கதைகளில் எல்லாமே இருக்கும், ஆட்டம் மட்டும் இருக்காது. அவர் எந்த இடத்தில் ஆடுகிறார், எந்தக் காலால் பந்தை அடிக்கிறார், வருடத்துக்கு எத்தனை ஆட்டம், ஒரு சீசனுக்கு என்ன சம்பளம், காயம் பட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள், இதில் ஒன்றுகூட இருக்காது. ஒரு மென்பொருள் பொறியாளரைப் பற்றி எழுதும்போது அவர் என்ன மொழியில் புரோகிராம் எழுதுகிறார் என்றே கேட்காமல், அவர் அம்மா எத்தனை வீட்டில் பாத்திரம் தேய்த்தார் என்று மட்டும் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? விளையாட்டு வீரர்களிடம் அதைத்தான் செய்கிறோம்.

எனக்கு இது உறைத்தது ஒரு பொங்கல் லீவில்.

நான் வளர்ந்தது தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம். அரசுப் பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தி கால்பந்து ஆடுவாள். பெண்கள் டீம் என்று பெயருக்கு ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை குறுவட்டப் போட்டிக்குப் பதினோரு பேரைத் தேற்றுவதற்காக பி.டி. சார் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குவார். மற்ற பத்துப் பேரும் பந்து எங்கே போனாலும் அங்கே கூட்டமாக ஓடுவார்கள். இவள் மட்டும் ஓட மாட்டாள். நடுவில் நின்று தோளைத் திருப்பிப் பின்னால் பார்ப்பாள். பந்து காலுக்கு வரும்போது அடுத்து அது எங்கே போக வேண்டும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும். அதற்குப் பெயர் மிட்ஃபீல்ட் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. "ஏம்மா, சும்மா நிக்கிற, ஓடு!" என்று சாரே கத்துவார். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்புவோம். அதோடு அந்த வருடத்துக் கால்பந்து முடிந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பி.டி. பீரியட் கணக்கு சாருக்குப் போனது. பதினெட்டு முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

அந்தப் பொங்கலுக்கு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாளாம். பேச்சு எங்கெங்கோ போய் பழைய டீமுக்கு வந்தது. நான் செல்போனை எடுத்து இந்தியப் பெண்கள் அணியின் ஒரு ஆட்டத்தைக் காட்டினேன். "நம்ம கடலூர்ப் பொண்ணு இது, இந்துமதின்னு பேரு" என்றேன். பக்கத்தில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். "பாரேன், பந்து வர்றதுக்கு முன்னாடியே இந்தப் புள்ள திரும்பிப் பாக்குது" என்றாள். பிறகு கேட்டாள்: "வருசத்துக்கு எத்தன மேட்ச் ஆடுவாங்க இவங்க?"

இந்துமதி கதிரேசன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் என்று எனக்குத் தெரியும். ஊர் தெரியும், பதக்கங்கள் தெரியும். எத்தனை மேட்ச் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எண்ணினேன்.

*

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1994-ல் பிறந்தவர். கடலூரிலிருந்து வந்த மிட்ஃபீல்டர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்றது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரைத் தோற்கடிப்பது என்பது அரிதாகவே நடக்கும் வேலை. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் பட்டம். அந்த இரண்டு கோல்களில் ஒன்று இந்துமதியுடையது. 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியக் கோப்பை. பங்களாதேஷுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 4-0, அதில் இரண்டு கோல் இவருடையது. கோப்பையும் இந்தியாவுக்கே. அதே மே மாதம் மதுரையைச் சேர்ந்த சேது அணி இந்தியன் விமன்ஸ் லீக்கை வென்றபோது அந்த அணியிலும் இருந்தார். 2019 அவருடைய ஆண்டு என்றே சொல்லலாம்.

2020-ல் ஊரடங்கு வந்தது. தேசிய அணியின் மிட்ஃபீல்டர் சென்னையில் முகக்கவசத்தோடு போலீஸ் பணியில் நின்றார். அப்போது அவரைப் பற்றி நிறைய செய்திகள் வந்தன. தேசத்துக்கு ஆடியவர் இன்று தெருவில் தேசத்தைக் காக்கிறார் என்ற ரீதியில். யாரும் அதில் ஒரு விசித்திரத்தையும் பார்க்கவில்லை. நாட்டின் மிகச் சிறந்த மிட்ஃபீல்டர்களில் ஒருவர், உச்சத்தில் இருக்க வேண்டிய இருபத்தாறு வயதில், எதற்காக வேறொரு முழுநேர வேலையில் இருக்கிறார்?

பதில் எண்ணிக்கையில் இருக்கிறது.

இந்தியன் விமன்ஸ் லீக்கின் முதல் சீசன் 2017 தொடக்கத்தில் டெல்லியில் நடந்தது. ஆறு அணிகள். கோப்பையை வென்ற அணி இறுதிச் சுற்றில் ஆடியது 7 ஆட்டம். 2018, ஷில்லாங்கில் ஏழு அணிகள், சாம்பியனுக்கு 8 ஆட்டம். 2019, லூதியானா, சேது வென்ற சீசன்: குழுவில் ஐந்து, அரையிறுதி, இறுதி, ஆக 7. 2020, பெங்களூரு, மறுபடி 7. 2021-ல் கொரோனா, லீக்கே இல்லை. 2022, புவனேஸ்வர், 11. 2023, அகமதாபாத், 10.

கூட்டிப் பாருங்கள். ஏழு ஆண்டுகளில் 50 ஆட்டம். அதுவும் ஒருத்தி ஒவ்வொரு வருடமும் சாம்பியன் அணியிலேயே இருந்து, ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடியிருந்தால். அரையிறுதிக்கு வராத அணியில் இருந்தால் இன்னும் குறையும். ஐ.எஸ்.எல்.லில் ஒரு ஆண்கள் அணி 2023-24 சீசனின் லீக் சுற்றில் மட்டும் ஆடியது 22. இங்கிலாந்து பெண்கள் சூப்பர் லீக்கிலும் அதே சீசனில் 22. அதாவது, ஒரு ஆங்கிலேய வீராங்கனை இரண்டரை சீசனுக்குள் ஆடி முடிக்கும் ஆட்டங்களை ஆட நம்மவருக்கு ஏழு வருடம் வேண்டும், அதுவும் வருடா வருடம் சாம்பியனாக வேண்டும்.

தேசிய சாம்பியன்ஷிப் இருக்கிறதே, இந்திய அணியின் கேம்ப் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் மாநிலப் போட்டி என்பது வருடத்தில் சில நாட்கள். தேசிய கேம்ப் என்பது தேர்வான சிலருக்கு. ஒரு தொழில் தேர்வான சிலரை வைத்து ஓடாது. ஒரு கம்பெனியில் ஆர்க்கிடெக்ட் மட்டும் இருந்து மற்ற யாருமே இல்லையென்றால் அதைக் கம்பெனி என்று சொல்வோமா?

இன்னொன்று. கோல்கீப்பர் தனியாகப் பயிற்சி எடுக்கலாம். ஸ்ட்ரைக்கர் வெறும் கோல் போஸ்ட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அடித்துப் பழகலாம். மிட்ஃபீல்டருக்கு அந்த வசதி கிடையாது. அவர் வேலையே மற்ற இருபத்தியொரு பேர் எங்கே நகர்கிறார்கள் என்று படிப்பதுதான். அதைத் தனியாகக் கற்க முடியாது, டிரில் போட்டும் வராது. ஆட்டம் ஆடித்தான் வரும். தோற்கும்போது வேகத்தைக் கூட்டுவது, ஜெயிக்கும்போது பந்தைத் தூங்க வைப்பது, எண்பதாவது நிமிடத்தில் கால் கனக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்பது, எல்லாமே ஆட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து வருவது. வருடத்துக்கு ஏழு ஆட்டம் கொடுத்துவிட்டு, சர்வதேச ஆட்டத்தில் நம் நடுக்களம் கலைந்துபோகிறது என்று டிவி முன்னால் உட்கார்ந்து உச்சுக் கொட்டுகிறோம்.

*

சம்பளத்துக்கு வருவோம். 2023-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒரு அறிவிப்பை வெளியிட்டது. பெண்கள் லீக்கின் மேல்நிலை அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச சம்பளத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு என்று பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான், அதற்கு முன் குறைந்தபட்சம் என்று ஒன்றே இல்லையே.

ஆனால் அந்தத் தொகை எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. கேம்பஸ் இன்டர்வியூவில் கூட்டமாக எடுக்கும் ஃப்ரெஷர்களுக்கு ஐ.டி. கம்பெனிகள் பல வருடமாக ஏற்றாமலே வைத்திருப்பதும் சுமாராக அதே தொகைதான். 'இதை வெச்சு பெங்களூர்ல வாடகை குடுக்க முடியுமா?' என்று நாங்கள் மீம் போட்டுச் சிரித்த தொகை. அது எங்களுக்குத் தொடக்கம். நாட்டின் உச்ச லீக்கில் ஆடுகிறவளுக்கு அது வாசல். எங்களுக்கு அறுபது வயது வரை ஓடும், அவளுக்கு முப்பதோடு முடிந்துவிடலாம். எங்களுக்கு பிராஜக்ட் இல்லாவிட்டாலும் பெஞ்சில் உட்கார வைத்துச் சில மாதமாவது சம்பளம் வரும். அவளுக்கு முட்டி திரும்பினால்?

அதனால்தான் காக்கி. இந்தியப் பெண்கள் கால்பந்தின் மிட்ஃபீல்டர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். 1995-ல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய ஓய்னம் பெம்பெம் தேவி, மணிப்பூர் போலீஸ். 2025 ஜூலையில் தாய்லாந்து மண்ணில் இரண்டு கோல் அடித்து, இந்தியாவை முதன்முறையாகத் தகுதிச் சுற்று வழியே ஆசியக் கோப்பைக்குக் கொண்டுபோன சங்கீதா பாஸ்ஃபோர், சசஸ்திர சீமா பல் என்ற எல்லைக் காவல் படை. இந்துமதி, தமிழ்நாடு போலீஸ். மூன்று மாநிலம், மூன்று மிட்ஃபீல்டர், மூவரும் சீருடையில். தற்செயலாக நடப்பதில்லை இது. இந்தியாவில் ஒரு பெண் கால்பந்து ஆடிப் பிழைக்க முடியாது, கால்பந்து ஆடிக் கிடைத்த வேலையில் பிழைத்துக்கொண்டு கால்பந்து ஆடலாம்.

நான் அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது நல்ல விஷயம். அது இல்லாவிட்டால் இந்துமதி என்ற பெயரே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். எனக்குப் பிரச்சினை, அந்த ஒதுக்கீட்டைக் காட்டி நாம் மற்ற எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துக்கொள்வது. "அதான் வேலை குடுத்தாச்சே!" என்று சொல்லும்போது, கால்பந்து என்பது வேலை வாங்குவதற்கான ஒரு பரீட்சை, பாஸான பிறகு அதற்கு வேறு உபயோகமில்லை என்றுதான் சொல்கிறோம். டி.என்.பி.எஸ்.சி. போல இன்னொரு வழி. பாஸாகாத ஆயிரம் பேரை நாம் எண்ணுவதே இல்லை.

*

இதை ஆபீஸில் சொன்னபோது நண்பன் ஒருவன் சிரித்தான். "மச்சி, மார்க்கெட் இல்லன்னா யாருடா காசு போடுவா? யாரு பாக்கறா லேடீஸ் ஃபுட்பால்?"

நியாயமான கேள்விபோலத் தோன்றும். 2019-க்குத் திரும்பிப் போவோம். மதுரை அணி ஒன்று இந்தியாவின் சாம்பியன் ஆனது. மதுரையில் இருக்கும் ஒருவர் அந்த அணியைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தால் எங்கே போயிருக்க வேண்டும்? பஞ்சாபுக்கு, மே மாத வெயிலில். ஏழு ஆட்டமும் லூதியானாவில். சொந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறி மாறி ஆடும் முறை இந்த லீக்குக்கு 2023-24 சீசனில்தான் வந்தது. ஏழு அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம். அதுவரை கடையையே திறக்காமல் வைத்துக்கொண்டு, வியாபாரம் இல்லை என்று கணக்கு காட்டிக்கொண்டிருந்தோம்.

மார்க்கெட் இருப்பதாகச் சொல்லப்படும் ஆண்கள் பக்கம் என்ன வாழ்கிறது? வியாசர்பாடியிலிருந்து வந்த தன்பால் கணேஷ், அவரும் மிட்ஃபீல்டர்தான், 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல். அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி.க்காக கோல் அடித்தார். சில நாளில் சென்னை கோப்பையை வென்றது. அந்த ஆண்டே முழங்கால் காயம், அடுத்த சீசன் முழுக்க வெளியே. 2018-19-ல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணி 2021-22 சீசனின் பட்டியலிலேயே இல்லை. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலில் ஐ.எஸ்.எல்.லே நிறுத்திவைக்கப்பட்டது. பத்து வருடமாகக் கோடிகளில் நஷ்டம் காட்டிய கிளப்புகளிடம் யாரும் 'மார்க்கெட் இருக்கா?' என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி பெண்கள் ஆட வரும்போது மட்டும் நம் வாயில் வருகிறது.

2022 ஜனவரியையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. இந்துமதியோடு தமிழ்நாட்டிலிருந்து ஐந்து பேர் அந்த இருபத்துமூன்று பேர் அணியில். ஈரானோடு கோல் இல்லாத முதல் ஆட்டம். இரண்டாம் ஆட்டத்துக்கு முன் முகாமில் கொரோனா பரவி, களத்தில் இறக்கப் போதிய ஆளில்லாமல் இந்தியா போட்டியிலிருந்தே வெளியேறியது. ஆடிய ஒரு ஆட்டமும் செல்லாது என்று அழிக்கப்பட்டது. சொந்த மண்ணில், வாழ்நாளின் மிகப் பெரிய போட்டி, கணக்கில் பூஜ்யம். வருடத்துக்கு ஏழு ஆட்டம் ஆடுகிறவருக்கு இப்படி ஒன்று போனால் அது எத்தனை பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாரம் நம் டைம்லைனில் இதைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

நாம் என்று இங்கே நான் சொல்வது இலக்கியம் படிக்கிற, எழுதுகிற நம்மைத்தான். 2020-ல் மரடோனா இறந்தபோது நானும் உருகி உருகி ஒரு பதிவு போட்டேன். புவெனஸ் ஐரிஸின் புழுதித் தெருக்களை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடிந்தது. கடலூரின் புழுதியைப் பற்றி ஒரு வரி எழுத வரவில்லை. தென்னமெரிக்கக் கால்பந்து நமக்குக் கவிதை, தமிழ்நாட்டுக் கால்பந்து நமக்கு 'வறுமையை வென்ற' செய்தி. மரடோனாவிடம் இடது காலைப் பார்த்தோம். நம் பெண்களிடம் ஓட்டு வீட்டைப் பார்க்கிறோம்.

*

தர்மபுரிக்கு வருகிறேன். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களில் எங்கள் மாவட்டமும் ஒன்று. பெண் குழந்தை உயிரோடு இருக்கட்டும், வேண்டாமென்றால் எங்களிடம் கொடுங்கள் என்று அரசு தொட்டில் வைத்த மண். என்னோடு படித்த பெண்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் பிறந்து தப்பித்தவர்கள். இன்றும் குழந்தைத் திருமணச் செய்திகளில் எங்கள் ஊர்ப் பெயர்கள் வருகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பதினாலு வயதுப் பெண் வாரா வாரம் டிராயரோடு மைதானத்தில் இறங்கி, ஊர் பார்க்க ஆடுவது என்பது விளையாட்டு மட்டும் அல்ல. அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்பது வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட ஒரு காரணம். வருடத்துக்கு ஒரு நாள் போட்டி அந்தக் காரணத்தைத் தராது.

நாம் நடத்துவதோ திருவிழாக்கள். கோப்பை, தொடக்க விழா, டி-ஷர்ட், குரூப் போட்டோ. முதல் சுற்றில் தோற்றவள் காலை பதினோரு மணிக்கே வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள். நாக்-அவுட் என்றாலே பாதி அணிகளுக்கு ஒரே ஆட்டம்தானே. ஜெயிப்பவரைக் கண்டுபிடிக்கத்தான் அந்த முறை, ஆடுகிறவரை உருவாக்க அல்ல.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தர்மபுரி மாவட்டத்தில் ஏழு வட்டங்கள்: தர்மபுரி, நல்லம்பள்ளி, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. வட்டத்துக்கு ஒரு பெண்கள் அணி. ஒவ்வொரு அணியும் மற்ற ஆறு அணிகளோடு சொந்த ஊரில் ஒருமுறை, அவர்கள் ஊரில் ஒருமுறை. ஆளுக்கு 12 ஆட்டம், மொத்தம் 42. சனிக்கிழமை சாயங்காலம் ஆடலாம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. தேவை ஒரு நடுவர், நல்ல பந்து, உடை மாற்ற ஒரு அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, சாப்பாடு. ஒரே ஒரு தொடக்க விழாவின் பந்தல் செலவை மிச்சம் பிடித்தாலே பாதி வேலை ஆகிவிடும். ஏழு அணி, பன்னிரண்டு ஆட்டம், 2023-24-ல் தேசிய லீக் வந்து சேர்ந்த அதே கணக்கு. ஒரு நாடு ஏழு வருடம் எடுத்துக்கொண்ட இடத்துக்கு ஒரு மாவட்டம் ஒரே வருடத்தில் வரலாம்.

இதில் இன்னொரு இந்துமதி வருவாரா என்று கேட்காதீர்கள். வராமலும் போகலாம். நாலு வருடத்தில் 48 ஆட்டம் ஆடிய நூறு பெண்கள் இருப்பார்கள், அது போதும். அவர்களில் ஒருத்தி பி.டி. டீச்சர் ஆவாள், நடுவில் நிற்கும் பெண்ணைப் பார்த்து "சும்மா நிக்கிற" என்று கத்த மாட்டாள்.

என் வகுப்புத் தோழிக்குப் பதிலை போனில் சொன்னேன். "ஏழு, எட்டு. நல்ல வருசத்துல பத்து, பன்னெண்டு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "அவ்ளோதானா? அதுக்கே அந்தப் புள்ள அப்படி ஆடுதே."